நாடித் துடிப்பும் உடற்பயிற்சியும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்றனைப் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யானோ, உடல் எடையைக் குறைப்பதற்காகப் பயிற்சி செய்யும்பொழுது நெஞ்சு எவ்வளவு துடித்தல் வேண்டும் என்பதைப் பற்றிப் பேச இசைவு வேண்டினேன். "தமிழ் ஐயாவுக்கு இஃது எற்றுக்கு?" என்று அவர்கள் வியந்தார்கள். உங்களுட் பலரும் அவ்வாறே எண்ணுதல் கூடும். யான் மருத்துவன் அல்லேன்; இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வாழ்பவன். ஆயினும் இப்பொருளை யான் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

என் மைத்துனரை உங்களுட் பலர் அறிவீர்கள். அவர் 54 ஆண்டு நிரம்பியவர். காலை முதல் இரவு வரை கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்து வாணிகம் நடத்துபவர். இரத்தக் கொதிப்புக்காக நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், தந்தையின் தொந்தியைக் கண்டு கவலையுற்று, நாடித் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றனை வாங்கி அனுப்பினான். அக்கடிகாரம் அவருடைய வயதைக் கேட்டுக்கொண்டு, நிமிடத்திற்கு 116 முதல் 133 வரை துடித்தாலே பயிற்சி பயன்தரும் என்று எல்லை வகுத்துக் காட்டியது. அவரும் தெப்பக்குளக் கரையில் விடியற்காலையில் நடக்கத் தொடங்கினார். மூச்சு வாங்க நடந்தும் துடிப்பு 100-ஐத் தாண்டவில்லை. "மாப்பிள்ளை! நான் சோம்பேறி என்று இந்தக் கடிகாரம் சொல்லுகிறது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். யானும் ஒன்றும் அறியாதவனாய், "அப்படியானால் சற்று ஓடிப் பாருங்கள், மச்சான்" என்று கூறினேன்.

அவர் ஓடினார். மூன்றாம் நாள் கரையிலேயே மயங்கி வீழ்ந்தார். இறைவன் அருளாலும், அருகில் இருந்த இளைஞர்கள் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றமையாலும் உயிர் பிழைத்தார். மருத்துவர் முதலில் வினவியது, "இவர் உண்ணும் மாத்திரை யாது?" என்பதே. மாத்திரையின் பெயரைக் கேட்டதும் அவர் கூறினார்: "இம்மருந்து நெஞ்சு விரைந்து துடியாதவாறு கடிவாளம் இட்டு நிறுத்துவது. எத்துணை ஓடினாலும் இவருக்கு அந்த எண் வாராது. கடிகாரத்திற்கு வயது தெரியும், மாத்திரை தெரியாது." என் சகோதரர்களே! கடிகாரத்திற்குத் தெரியாதது எனக்கும் தெரியாதிருந்தது. ஆயினும் கடிகாரம் அவரை ஓடச் சொல்லவில்லை. ஓடச் சொன்னவன் யான். அன்று தொட்டு இப்பொருளை முறையாகக் கற்கத் தலைப்பட்டேன். கற்றவற்றை மருத்துவர் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்ட பின்னரே உங்கள் முன் நிற்கின்றேன்.

இனிப் பொருளுக்கு வருவோம்.

நாடி என்பது யாது? நெஞ்சு ஒருமுறை சுருங்கிக் குருதியை உந்துந்தோறும் குருதிக் குழாய்களில் எழும் அலையே நாடி. மணிக்கட்டிற் பெருவிரலின் அடிப்புறத்தே மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், கபம் என மூன்றாகப் பகுத்து அறிதல் நம் சித்த மருத்துவர் மரபு. குருதி நெஞ்சினின்று புறப்பட்டு உடல் முழுதும் சுற்றி மீண்டும் நெஞ்சையே அடைகின்றது என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் நூல் எழுதி நிறுவினார். நாடியை நிமிடக் கணக்கில் எண்ணுதற்கென்றே கடிகாரம் செய்வித்து, 1707-இல் அதனைப் பற்றி நூல் வெளியிட்டவர் ஜான் பிளாயர் என்பவர். ஆகவே நாடி பார்க்கும் கடிகாரம் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

வளர்ந்தோர்க்கு ஓய்வாக இருக்கும் நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடித்தல் இயல்பு. நன்கு பயின்ற ஓட்டக்காரர்க்கு 60-க்குக் குறைந்து 40 அளவிலும் துடித்தல் உண்டு. அவர்தம் நெஞ்சு உரம்பெற்று, ஒரே உந்தலில் மிகுந்த குருதியை அனுப்புதலே அதற்குக் காரணம். நிமிடத்திற்கு 70 எனக் கொண்டால் ஒரு நாளில் நெஞ்சு துடிப்பது ஏறத்தாழ 1 இலட்சம் முறை. இத்துணை உழைக்கும் ஊழியனை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

நாடியை எண்ணுதற்கு விலை மிகுந்த கருவி வேண்டுவதில்லை. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மற்றைக் கையின் மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர்கீழே மெல்ல வைத்து, 30 நொடி எண்ணி இரண்டாற் பெருக்குக. பெருவிரலால் எண்ணுதல் கூடாது. அதற்கே உரிய துடிப்பு நம்மை மயக்கும். விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுமுன், மூன்று நாள் எண்ணிச் சராசரி கண்டால் அதுவே உமது ஓய்வுத் துடிப்பு. அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்க.

நாம் நடக்கும்பொழுதும் ஓடும்பொழுதும் தசைகள் மிகுந்த உயிர்வளியை வேண்டுகின்றன. அதனைக் கொண்டு சேர்ப்பது குருதி. ஆதலின் வேலை மிகுந்தோறும் நெஞ்சு விரைந்து துடிக்கின்றது. இதனால், துடிப்பின் எண்ணிக்கையைக் கொண்டு உழைப்பின் கடுமையை ஒருவாறு மதிப்பிடலாம் என்பது பெறப்படும். இதுவே நிலைகள் வகுப்பதற்கு அடிப்படை.

ஒருவருடைய நெஞ்சு மிக விரைந்து துடிக்கக்கூடிய எல்லை எது? 220 என்னும் எண்ணிலிருந்து வயதைக் கழிக்க என்பது யாவரும் கூறும் கணக்கு. எனக்கு வயது 46; ஆகவே 174. இக்கணக்கு வேதவாக்கன்று. 1971-இல் அமெரிக்காவில் பாக்ஸ், ஹாஸ்கெல் என்போர் பிறர் கண்ட எண்களை ஒருங்கு வைத்து நோக்கியதிலிருந்து எழுந்த உத்தேசக் கணக்கு இது. 2001-இல் தனாகா என்பாரும் அவர் துணைவரும் பல்லாயிரவர் எண்களை ஆராய்ந்து, வயதை 0.7-ஆற் பெருக்கி 208-இலிருந்து கழித்தல் பொருத்தம் என்றனர். அதன்படி எனக்கு 176, வேறுபாடு சிறிதே. 60 வயதினர்க்கோ பழைய கணக்கில் 160, புதிய கணக்கில் 166. எக்கணக்கைக் கொண்டாலும், அது பலருடைய சராசரியேயன்றி உமக்கென அளந்து தைத்த சட்டையன்று. ஒத்த வயதினர் இருவருக்குள்ளே 10, 20 துடிப்பு வேறுபடுதல் இயல்பு. நம் வகுப்பில் 46 வயதுடைய ஆசிரியர் நால்வர் இருந்தால், நால்வர்க்கும் ஒரே செருப்பு பொருந்துமோ?

இனி, அப்பேரெல்லையை நூறு பங்காகக் கொண்டு, 50 முதல் 60 வரை முதல் நிலை, 60 முதல் 70 வரை இரண்டாம் நிலை, 70 முதல் 80 வரை மூன்றாம் நிலை, 80 முதல் 90 வரை நான்காம் நிலை, அதற்கு மேல் ஐந்தாம் நிலை எனப் பகுப்பர். எனக்கு அவை முறையே 87 முதல் 104, 104 முதல் 122, 122 முதல் 139, 139 முதல் 157, 157 முதல் 174 ஆகும். முதல் நிலை உலாவுதல்; இரண்டாம் நிலை சுறுசுறுப்பான நடை; மூன்றாம் நிலை மிக விரைந்த நடை அல்லது மெல்லோட்டம்; நான்காம் நிலை ஓட்டம்; ஐந்தாம் நிலை சிறிது நேரமே தாங்கக்கூடிய பெருமுயற்சி.

ஐந்து நிலை என்றவுடன் தமிழ் கற்றார்க்கு ஐந்திணை நினைவுக்கு வரும். நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், குறிஞ்சிக்கும் முல்லைக்கும் இடையே மதில் எழுப்பவில்லை. மலை முடிந்து காடு தொடங்கும் இடம் இதுவென ஒருவராலும் கோலூன்றிக் காட்டல் இயலாது. இந்நிலைகளும் அத்தன்மையனவே. 121-இல் ஒரு பயனும் 123-இல் வேறொரு பயனும் விளையா. கருவி செய்வோரும் தம்மில் ஒத்த எல்லை கொள்வதில்லை. ஒருவர் ஐந்தாகப் பகுத்தால் மற்றொருவர் மூன்றாகவோ நான்காகவோ பகுப்பர். மேலும், வெயிலின் கொடுமையால் முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாதல் போல, விடியலில் இரண்டாம் நிலையில் அடங்கும் அதே நடை, சித்திரை மாதத்து முற்பகலில் மூன்றாம் நிலைக்கு ஏறிவிடும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் குருதியை அனுப்ப வேண்டியிருத்தலும், வியர்வையால் நீர் குறைதலும் காரணம். காய்ச்சல், உறக்கமின்மை, மிகுதியான காப்பி இவற்றாலும் துடிப்பு உயரும்.

இங்கே மற்றொரு கணக்கையும் கூறவேண்டும். 1957-இல் பின்லாந்து நாட்டுக் கார்வோனென் என்பாரும் அவர் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சியின் வழியாகப் பரவியது அது. பேரெல்லையிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து எஞ்சியதையே நூறு பங்காகக் கொள்வர். என் ஓய்வுத் துடிப்பு 72. 174-இல் 72 போக எஞ்சுவது 102. நடுத்தரப் பயிற்சிக்கு இதில் நூற்றுக்கு 40 முதல் 59 வரை கொண்டு, மீண்டும் 72-ஐக் கூட்டினால், 113 முதல் 132 வரை வரும். பேரெல்லையை மட்டும் கொண்டு கணக்கிடுவோர் நடுத்தரப் பயிற்சிக்கு நூற்றுக்கு 64 முதல் 76 என்பர். அஃது 111 முதல் 132 வரை. ஆகவே இரு வழியும் ஓரூரையே சென்று சேர்கின்றன. ஒரு கணக்கின் பங்கினை மற்றொரு கணக்கில் இட்டு மயங்குதல்தான் கூடாது.

நிற்க. இப்பொழுது நம்மவரைப் பெரிதும் மயக்கும் சொல் ஒன்றனை ஆராய்வோம். இரண்டாம் நிலைக்குக் கொழுப்புக் கரையும் நிலை என்று பெயரிட்டுள்ளார்கள். அந்நிலையிற் சிறிதும் ஏறாமல் இறங்காமல் நடந்தால் தொந்தி கரைந்துவிடும் என்பது பலர் நம்பிக்கை. யானும் மூன்று திங்கள் அவ்வாறே நடந்தேன். துடிப்பு 122-ஐ எட்டினால் உடனே நடையைத் தளர்த்துவேன். தராசில் ஏறி நின்றால் எடை முன்போலவே இருந்தது.

ஏன்? நம்மவருள் வாணிகர் பலர் ஆதலின் வாணிகத்தை வைத்தே விளக்குகின்றேன். உடலுக்கு இருவகைக் கைம்முதல் உண்டு. தசையிலும் ஈரலிலும் உள்ள சர்க்கரைச் சேமிப்பு, கல்லாவில் உள்ள சில்லறை போன்றது. உடனே எடுக்கலாம், அளவிற் சிறிது. கொழுப்பு, வங்கியில் இட்ட வைப்பு போன்றது. அளவிற் பெரிது, எடுக்கச் சற்றுத் தாழ்க்கும். மெல்ல நடக்கும்பொழுது செலவின் பெரும்பங்கு வைப்பிலிருந்தும், விரைந்து ஓடும்பொழுது பெரும்பங்கு சில்லறையிலிருந்தும் போகின்றது. இவ்வளவும் உண்மையே. ஆனால் பங்கு வேறு, தொகை வேறு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் விரைவில் அரைமணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். அவரே மணிக்கு 8 கிலோமீட்டர் விரைவில் அரைமணி ஓடினால் ஏறத்தாழ 290 கலோரி. கணக்கின் பொருட்டு, நடையில் நூற்றுக்கு 60 பங்கும் ஓட்டத்தில் நூற்றுக்கு 40 பங்கும் கொழுப்பு எனக் கொள்வோம். நடையிற் கொழுப்பின் செலவு 72, ஓட்டத்தில் 116. பங்கு குறைந்தும் தொகை மிகுந்தது அன்றோ?

அங்ஙனமாயின் கடுமை மிக மிகக் கொழுப்பும் மிகுந்து கரையுமோ எனின், அதுவும் அன்று. 1993-இல் அமெரிக்காவிற் பயிற்சி மிக்க மிதிவண்டி வீரர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்றில், அவர்தம் உயிர்வளி கொள்ளும் பேராற்றலில் நூற்றுக்கு 25, 65, 85 என்னும் மூன்று அளவுகளில் சோதித்தனர். கொழுப்பின் செலவு 65-இல் மிகுந்தும், 85-இல் அதனினும் குறைந்தும் இருந்தது. ஆகவே நடுவே உச்சம் ஒன்று உண்டு. ஆனால் அவ்வுச்சத்தைத் தேடி அலைதல் வீண். ஏனெனில், அந்த அரைமணியில் எக்கைம்முதல் செலவாயிற்று என்பது தொந்தியைத் தீர்மானிப்பதன்று. காலையிற் சில்லறையைச் செலவிட்டவன் மாலையில் வைப்பிலிருந்து எடுப்பான்; காலையில் வைப்பைத் தொட்டவன் மாலை வரவில் மிச்சம் இருந்தால் மீண்டும் வைப்பிலே சேர்ப்பான். ஒரு கடையின் நிலையை அரைமணி நேர விற்பனையைக் கொண்டு எவரேனும் அறிவரோ? பேரேட்டைப் புரட்டி, திங்கள் முழுதும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்ப்பதன்றோ முறை? உடலுக்கு வரவு உணவு, செலவு உழைப்பு.

அப்பேரேட்டை யான் புரட்டிப் பார்த்தபொழுதுதான் என் பிழை வெளிப்பட்டது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி ஈடாகும் என்பர். நாள்தோறும் அரைமணி நடையில் 120 கலோரி செலவிட்டு, உணவை ஒரு பருக்கையும் மிகுக்காதிருந்தாலே, ஒரு கிலோ குறைய 64 நாள் ஆகும். அந்த 120-இலும் சும்மா அமர்ந்திருந்தாற் செலவாகும் பங்கு அடங்கியிருத்தலின், உண்மையில் இன்னும் நாட்படும். யானோ நடை முடிந்ததும் நண்பர்களுடன் சிற்றுண்டிச் சாலை புகுந்து, இரண்டு வடையும் சர்க்கரையிட்ட காப்பியும் அருந்தி, "இன்று கொழுப்பு நிலையில் 30 நிமிடம்" என்று மகிழ்ந்து வீடு திரும்புவேன். வடை என் நடையை விழுங்கிவிட்டது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உண்ணும் அளவைப் பற்றியே மிகுத்துப் பேசியிருத்தலைப் பல்லாண்டு மாணவர்க்குக் கற்பித்தவன் யான். கற்பித்ததை எனக்கே கூறிக்கொள்ள மறந்தேன்.

எடை குறைய வேண்டுவோர், நாளொன்றுக்கு வரவைச் செலவினும் 500 கலோரி அளவு குறைத்தால், தொடக்கத்தில் வாரத்திற்கு அரைக் கிலோவை ஒட்டிக் குறையும். உடல் இளைக்க இளைக்க அவ்விரைவு தணியும். அந்த 500-இல் பெரும்பங்கு இலையிலிருந்து குறைதல் எளிது. எஞ்சிய பங்கைக் கால்கள் ஈட்டட்டும்.

"அங்ஙனமாயின் நிலைகளால் யாதொரு பயனும் இல்லையோ?" என்று இளைஞர் வினவலாம். பயன் உண்டு. முதலாவது, புதிதாகத் தொடங்குவோர் அளவு கடவாமல் அவை காக்கும். இரண்டாவது, பேசிக்கொண்டே உலாவிவிட்டுப் பயிற்சி செய்தோம் என்று எண்ணுவோரை அவை தட்டி எழுப்பும். மூன்றாவது, முன்னேற்றத்தைக் காட்டும். தெப்பக்குளத்தை ஒரே நேரத்தில் ஒருமுறை சுற்றும்பொழுது சித்திரையில் 125 துடித்த நெஞ்சு, ஆவணியில் 115 துடித்தால், தராசு அசையாவிடினும் நெஞ்சு உரம்பெற்றது என்று அறியலாம். எடை குறையாத திங்களிலும் நடைப் பயிற்சி சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் தணிக்க உதவுகின்றது. இது சிறிய பேறன்று. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டெனக் கணக்கிட்டது. நம் சங்கத்து விருந்தில் சர்க்கரை இல்லாத காப்பிக்குக் கை உயர்த்துவோரை எண்ணினால் அவ்வாய்வு பொய்யன்று என்பது புலனாகும். நம் நாட்டினர்க்கு இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் கடத்தல் கேட்டிற்கு அறிகுறி என்பர் மருத்துவர். தராசினும் அளவு நாடா உண்மை பேசும்.

இனி எச்சரிக்கைகள். இவற்றை மட்டுமேனும் மறவாதீர்கள் என்று கைகூப்பி வேண்டுகின்றேன்.

இரத்தக் கொதிப்புக்கும் நெஞ்சு நோய்க்கும் தரப்படும் மருந்துகளுள் ஒருவகை, நெஞ்சின் துடிப்பையே தணித்து வைக்கும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் என்பன அவ்வகையின. இவற்றை உண்போர்க்கு 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு பொருந்தாது. துடிப்பு ஏறவில்லையே என்று மாத்திரையை நிறுத்துதல் அதனினும் பெருந்தீங்கு. இன்சுலின் இட்டுக்கொள்வோரும், சர்க்கரையை மிகத் தாழ்த்தவல்ல மாத்திரை உண்போரும், வெறு வயிற்றில் நெடுநேரம் பயிற்சி செய்தால் சர்க்கரை அளவு கடந்து தாழ்ந்து மயங்குதல் கூடும். இவர்களும், முன்னரே நெஞ்சுவலி கண்டோரும், கருவுற்ற தாய்மாரும், மருத்துவரைக் கேட்டே தொடங்குக. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர் வியர்வை, தலைச்சுற்றல், ஒழுங்கற்ற துடிப்பு இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே நின்றுவிடுக. 108-ஐ அழையுங்கள், வாயுக் கோளாறு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டா.

கைக்கடிகாரத்தையும் அளவோடு நம்புக. அது தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, குருதியின் அலையால் அவ்வொளி மாறுவதைக் கொண்டு எண்ணுகின்றது. வார் தளர்ந்திருந்தாலும் கை மிகுதியாக அசைந்தாலும் பிழைபடும். மார்பிற் கட்டும் பட்டை நெஞ்சின் மின்னோட்டத்தையே நேரே அறிதலின் அதனினும் திருத்தமானது.

கருவி ஏதும் இல்லாதார்க்கு ஒரு வழி உண்டு. மாத்திரை உண்பார்க்கும் அதுவே தக்கது. நடக்கும்பொழுது பேச இயல வேண்டும், பாட இயலாதிருக்க வேண்டும் என்பது மருத்துவ நூலார் கூறும் சோதனை. தமிழாசிரியனாகிய யான் அதனைக் குறளால் அளக்கின்றேன். குறளுக்குச் சீர் ஏழு. நடந்துகொண்டே ஒரு குறளை ஒரே மூச்சில் ஏழு சீரும் கூறி முடித்து, அடுத்து மூச்சு வாங்கினால் அது நடுத்தர நிலை. தேவாரத்தைப் பண்ணோடு நீட்டிப் பாட முடிந்தால் நடை போதாது, சற்று விரைக. இரண்டு மூன்று சீருக்கு ஒருமுறை மூச்சு முறிந்தால் கடுமை மிகுந்தது, உடல்நலம் உடையோர் சிறிது நேரம் அந்நிலையில் இருக்கலாம், ஏனையோர் தளர்த்துக. சுவீடன் நாட்டுப் போர்க் என்னும் அறிஞரும், ஒருவர் தாம் உணரும் கடுமையை 6 முதல் 20 வரை தாமே மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வகுத்துள்ளார். உடம்பை அளக்க உடம்பே சான்று என்பது இதனாற் பெறப்படும். கண் இமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் கொண்டு எழுத்தின் மாத்திரையை அளந்த மரபினர்க்கு இது புதிதன்று.

எவ்வளவு செய்ய வேண்டும்? வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தரப் பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சியோ செய்க என்றும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்க என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்துரைத்தது. இதுவரை நடவாதார் முதல் வாரம் நாளொன்றுக்கு 15 நிமிடம் நடக்க. வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டினால் ஆறாம் வாரத்தில் 40 நிமிடம் ஆகும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 200 நிமிடம். முதல் 5 நிமிடமும் இறுதி 5 நிமிடமும் மெல்ல நடக்க. ஓடிவந்து திடீரென நிற்றல் தலைச்சுற்றலை விளைக்கும். ஆறு வாரம் கழிந்தபின், நலமுடையோர் ஒரு நிமிடம் விரைந்தும் இரண்டு நிமிடம் தணிந்தும் மாறி மாறி நடக்கலாம். நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரைக் கைகளால் தள்ளுதல் முதலிய எளிய தசைப் பயிற்சிகளை இரண்டு நாள் செய்க. உணவை மட்டும் குறைத்து இளைப்போர்க்குக் கொழுப்போடு தசையும் கழியும். அதனைத் தடுப்பது இப்பயிற்சியே.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்டு வேலையே போதாதோ?" என்பீர்கள். வேலை மிகுதி என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் அதில் நெஞ்சு தொடர்ந்து விரைந்து துடிக்கும் பொழுது குறைவு. வீட்டு ஆடவர்க்கும் ஒரு வார்த்தை: அவர்கள் நடக்கும் அந்த 40 நிமிடம் அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளாவிடின், இவ்வறிவுரை அவர்க்குப் பயன்படாது.

இறுதியாகச் சங்கத்திற்கு மூன்று விண்ணப்பங்கள். திருமணத்திற்கும் இறுதிச் சடங்கிற்கும் இம்மண்டபத்திற் கூடுகின்றோம். ஐம்பதைக் கடந்தும் கடவாமலும் இருந்த எத்தனை பேருக்கு இங்கே இரங்கற் கூட்டம் நடத்தியிருக்கின்றோம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே முதலாவது, ஒரு தராசும், அளவு நாடாவும், இரத்தக் கொதிப்பு அளக்கும் கருவியும் மண்டபத்தில் வைத்து, திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை உறுப்பினரை அளந்து குறித்தல் வேண்டும். இரண்டாவது, மாத்திரை உண்போர் ஒவ்வொருவரும் அதன் பெயரை எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்குமாறு செய்தல் வேண்டும். மூன்றாவது, பெற்றோர்க்குக் கடிகாரம் வாங்கித் தரும் பிள்ளைகள், அதனோடு ஒருமுறை மருத்துவரிடமும் அவர்களை அழைத்துச் சென்று, அவர்க்குரிய எல்லையைக் கேட்டறிந்து வருதல் வேண்டும்.

என் மைத்துனர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். மருத்துவர் வகுத்த முறைப்படி ஏழு திங்களாக நடந்து, 4 கிலோ குறைந்திருக்கின்றார். பள்ளியிற் படித்து மறந்த குறள்களை மீண்டும் மனப்பாடம் செய்துகொண்டு, கரையைச் சுற்றும்பொழுது ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றாகக் கூறி வருகின்றார். கடிகாரத்தை இப்பொழுது மணி பார்ப்பதற்கே பயன்படுத்துகின்றார். யான் அவருக்கு அறியாமற் கூறிய ஒரு சொல்லுக்குக் கழுவாயாகவே இவ்வளவு சொற்களையும் உங்கள் முன் வைத்தேன்.